இருபத்தொரு கதிரைகளும் நான் சொன்ன ஒரு பொய்யும்

எட்டாம் இலக்கக் கதிரையை நாங்கள் மூன்று பேர் அரை மணித்தியாலம் தேடினோம்.

திகனவில், நிஸ்தார் ஹாஜியாரின் முற்றத்தில். சற்று முன்புதான் மழை விட்டிருந்தது. நீல நிற பிளாஸ்டிக் கதிரைகளின் குழிகளில் தண்ணீர் தேங்கி நின்றது. ஹாஜியார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்குள் போனார். அவருடைய மகள் ருஷ்தா லொறிக்குப் பின்னால் பார்த்தாள். நான் கிணற்றடிக்குப் போய், கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன்.

கிணற்றுக்குள் கதிரை இருக்காது என்று எனக்குத் தெரியும். எட்டாம் கதிரை எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். தேடிய மூவரில் எனக்கு மட்டுந்தான் தெரியும்.

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்களுடைய பிழைகளைத்தான் சுவையாக எழுதி வருகிறேன் என்று வத்தேகமவிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "உங்கள் பிழை ஒன்றுகூட இல்லையா ஐயா?" என்று கேட்டிருந்தார். இருக்கிறது அம்மா. இந்த வாரம் அதைத்தான் எழுதுகிறேன்.

கதிரைக்கு இலக்கம் வந்த விதம்

ஹாஜியார் கலியாண வீடுகளுக்கும் மரண வீடுகளுக்கும் கதிரை வாடகைக்குக் கொடுப்பவர். முந்நூறு கதிரைகள் வைத்திருக்கிறார். ஒரே வீட்டுக்கு இரண்டு கடைகளிலிருந்து கதிரை வந்தால், திரும்பிப் போகும்போது ஒன்றோடொன்று கலந்துவிடும். எல்லாமே நீலம், எல்லாமே ஒரே அச்சு. அதனால் ஹாஜியார் தன்னுடைய கதிரைகளின் முதுகில் வெள்ளைப் பெயின்றால் ஒன்றிலிருந்து முந்நூறு வரை இலக்கம் எழுதிவிட்டார்.

அவருக்கு ஒவ்வொரு கதிரையையும் தெரியும். "நூத்திப் பத்து கொஞ்சம் ஆடும், பெரிய ஆக்கள குந்த வைக்காதீங்க" என்பார். ஒரு தடவை பன்வில பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு கதிரை குறைவாக வந்தபோது, லொறியைத் திருப்பிக்கொண்டு போய், கோயில் மணிக்குக் கீழே ஏறி நிற்பதற்கு வைத்திருந்த அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்.

நான் தெல்தோட்டைக்காரன். படித்து, கணித ஆசிரியராகி, கண்டிப் பாடசாலை ஒன்றிலேயே காலத்தைப் போக்கியவன். நான் ஓய்வுபெற்ற அன்று நடந்த பிரியாவிடை வைபவத்துக்குக் கதிரை வந்தது ஹாஜியாரிடமிருந்து. நாங்கள் சிநேகமானது அன்றுதான். நான் பொய் சொன்னதும் அன்றுதான்.

கழுத்தில் மாலையோடு சொன்னது

வைபவம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். நான் மட்டும் மண்டபத்துக்கு வெளியே ஒரு வேலையும் இல்லாமல் நின்றேன். கழுத்தில் சம்பங்கி மாலை. ஹாஜியாரின் ஆட்கள் கதிரைகளை லொறியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சேர், இவ்வளவு காலமும் இலக்கம் படிச்சுக் குடுத்தீங்க. இனி இலக்கத்த வச்சி எனத்த செய்யப் போறீங்க?" என்று கேட்டார் அவர். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டதுதான். ஆனால் அன்றைக்கு என்னைக் குத்தியது.

"ஒன்னுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் கதிரைய எடுத்துத் தாங்க, காட்டுறேன்" என்றேன்.

பதினைந்து கதிரைகளை முக்கோணமாக அடுக்கினேன். முதல் வரிசையில் ஐந்து: ஆறு, பதினான்கு, பதினைந்து, மூன்று, பதின்மூன்று. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எண்களில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வருவதை, அந்த இரண்டுக்கும் நடுவே அடுத்த வரிசையில் வைக்க வேண்டும். அப்படி இரண்டாம் வரிசையில் எட்டு, ஒன்று, பன்னிரண்டு, பத்து. பிறகு ஏழு, பதினொன்று, இரண்டு. பிறகு நான்கு, ஒன்பது. கடைசியில் தனியாக ஐந்து. பதினைந்து கதிரையும் வந்துவிட்டன. எதுவும் இரண்டு தடவை வரவில்லை, எதுவும் மிஞ்சவில்லை.

ஹாஜியார் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் கழித்துப் பார்த்தார். லொறிச் சாரதியைக் கூப்பிட்டுக் காட்டினார். பத்தாம் கதிரையின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அந்த விடையை நான் கண்டுபிடிக்கவில்லை. பயிற்சிக் கலாசாலை நூலகத்தில் ஒரு பழைய சஞ்சிகையில் பார்த்து மனப்பாடம் செய்தது. அதை நான் சொல்லவில்லை. ஆனால் நான் எழுத வந்த பொய் இதுவல்ல.

"அப்ப அடுத்தது ஆறு வரிச. இருபத்தொரு கதிர. அதுவும் வருமா சேர்?"

பயிற்சிக் கலாசாலையில் ஒரு தவணை முழுவதும் அதோடு மாரடித்திருக்கிறேன். நான்கு மாதம். கட்டுக் கட்டாகத் தாள். ஒருநாளும் வரவில்லை. அந்தத் தவணை கல்வி உளவியலில் நான் சித்தியடையாததற்கு அதுதான் காரணம்.

"வரும். நான் போட்டிருக்கேன்," என்றேன். "ரெண்டு நாள் பிடிச்சிச்சு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அது எல்லாராலயும் முடியாது ஹாஜியார்" என்றும் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். மறுநாள் காலையிலிருந்து யாரும் என்னிடம் எதையும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்த மனிதன், கேட்கப்பட்ட கடைசிக் கேள்விக்குத் தெரியாது என்று சொல்ல விரும்பவில்லை. வேறு காரணம் எதுவும் எனக்கு அகப்படவில்லை.

ஹாஜியாருக்கு ரோசம் வந்துவிட்டது. தன்னுடைய ஆட்கள் ஐந்து பேருக்கு முன்னால், அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுச் சொன்னார்: "வல்லாஹி, அந்த இருபத்தொண்டயும் போடும் வரைக்கும் நான் கதிரையில குந்த மாட்டேன்."

எல்லாரும் சிரித்தோம். நான் மாலையைக் கழற்றிக்கொண்டு பஸ்ஸேறினேன்.

நின்றே வாழ்ந்தவர்

ஒரு கிழமை கழித்து அவருடைய கடைக்குப் போனேன். நின்றுகொண்டே கணக்குப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். முதுகு வலியாக்கும் என்று நினைத்தேன். சுற்றிலும் முந்நூறு கதிரைகள்.

பத்து வருடங்களுக்கு மேல் அவர் கதிரையில் உட்காரவில்லை. பாய், கட்டில், வாசற்படி, மதில் எல்லாம் பரவாயில்லை. லொறியின் முன்னாசனம் கதிரையா இல்லையா என்று சந்தேகம் வந்து மௌலவியிடம் கேட்டார். அது ஆசனம், கதிரை அல்ல என்று மௌலவி சொல்லிவிட்டார். சலூனில் இருப்பது கதிரைதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எனவே தலைமயிர் வெட்டுபவர் வீட்டுக்கு வந்து, வாசற்படியில் அவரை இருத்தி வெட்டினார். கடைவாய்ப் பல்லை நின்றபடியே பிடுங்கிக்கொண்டார். பல் வைத்தியர் ஒரு சின்ன ஸ்டூலில் ஏறி நிற்க வேண்டியிருந்ததாம்.

கந்தோர்களில் மட்டும் இதனால் அவருக்கு நன்மை. அதிகாரி "வாடிவென்ன" என்று சிங்களத்தில் உட்காரச் சொல்வார். இவர் புன்னகைத்தபடி நிற்பார். மறுபடியும் சொல்வார். மறுபடியும் நிற்பார். மூன்றாம் தடவை அதிகாரிக்கு ஏதோ பயம் பிடித்துவிடும். மற்றவர்கள் மூன்று நாள் அலையும் காரியம் இவருக்குக் கால் மணித்தியாலத்தில் முடிந்தது.

ருஷ்தாவின் நிக்காஹ் நடந்த அன்று பெண்ணின் தகப்பன் நிற்பதைப் பார்த்து மாப்பிள்ளை எழுந்து நின்றார். மாப்பிள்ளை நிற்பதைப் பார்த்து அவருடைய தகப்பன் எழுந்தார். அவர் எழுந்ததும் சபையே எழுந்தது. முந்நூறு கதிரையும் காலியாகக் கிடக்க, நிக்காஹ் முழுவதும் நின்றபடியே நடந்தது. பெண் வீட்டாரின் பணிவைப் பற்றி ஊரில் வெகு நாள் பேசினார்கள். நானும் அங்கே நின்றேன்.

வெள்ளி தவிர்த்து எல்லாப் பிற்பகல்களிலும், முற்றத்தில் இருபத்தொரு கதிரைகளை வைத்து மாற்றி மாற்றி அடுக்குவார். இருபத்தொன்றும் வாடகைக்குப் போகாமல் தனியாக ஒதுக்கப்பட்டவை. அவசரத்துக்கு ஒரு மரண வீட்டுக்குப் பதினேழும் நான்கும் போய்விட்டால், அன்றைக்கு அடுக்கு இல்லை. அன்றெல்லாம் முகம் வாடிப்போய்ப் படியில் இருப்பார்.

மாதத்துக்கு ஒரு தடவை நான் போவேன். "விடைய சொல்லிராதீங்க சேர், நானே எடுக்கோணும்" என்று கையைப் பிடித்துக்கொள்வார். சொல்ல விடை இருந்தால்தானே. தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் குடிப்பேன். கதிரையில் உட்கார்ந்துதான் குடிப்பேன்.

முழங்கால்

பிறகு அவருடைய முழங்கால்கள் கெட்டுப்போயின.

நிலத்தில் இருக்கவும் எழும்பவும் முடியவில்லை. பள்ளிவாசலில் அப்படிப்பட்ட பெரியவர்களுக்குக் கடைசி வரிசையில் கதிரை போட்டிருக்கும். அதில் இருந்தபடி தொழலாம். அந்தப் பன்னிரண்டு கதிரைகளும் ஹாஜியார் கொடுத்தவைதான். அவற்றில் அவர் இருக்க மாட்டார். இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று அவரை இறக்கி, ஏற்றி, இறக்கி, ஏற்றித் தொழ வைத்தார்கள்.

மௌலவி கூப்பிட்டுச் சொன்னார். சத்தியத்தை முறிக்க மார்க்கத்தில் வழி இருக்கிறது, பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுக் கதிரையில் இருங்கள் என்று.

"பத்துப் பேருக்கு இல்ல மௌலவி, நூறு பேருக்குக் குடுக்கலாம். சத்தியம் இல்ல இங்க கத. சேர் ரெண்டு நாளுல போட்டத என்னால பத்து வருஷத்துல போட ஏலாதா?"

இதை அவரே எனக்குச் சொன்னார், பெருமையாக. மௌலவி காட்டிய வாசலில் ஹாஜியார் போகாமல் மறித்துக்கொண்டு நின்றவன் நான் என்று அன்று விளங்கியது. விளங்கிய பிறகும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூச் செய்யும் இடத்தில் விழுந்துவிட்டார். வைத்தியர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை விழுந்தால் நடையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். நிலத்தில் இருப்பது கூடாது. நெடுநேரம் நிற்பதும் கூடாது. கதிரையில் இருக்க வேண்டும்.

என் மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். "போன எடுத்து, நான் போடலன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. வாய் தேஞ்சா போயிரும்?" என்றாள். போனை எடுத்தேன். ஹாஜியாரின் குரல் கேட்டதும் சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

சைபர்

ருஷ்தா கம்பியூட்டர் வேலை செய்பவள். கண்டியில் ஒரு கம்பெனிக்கு, வீட்டிலிருந்தபடியே. கல்யாணம் முடித்து, வாப்பாவின் வீட்டு மேல்மாடியில்தான் குடியிருக்கிறாள். வாப்பா விழுந்த அன்றே அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அவரால் முடியாததைக் கம்பியூட்டரால் தேடிக் கொடுத்து, அவரைக் கதிரையில் இருத்திவிடுவது.

அவள் எனக்கு விளக்கிச் சொன்னது இதுதான். முதல் வரிசையின் ஆறு எண்களைத் தீர்மானித்துவிட்டால், மிச்சமெல்லாம் கழித்தலால் தானாகவே வந்துவிடும். ஆகவே அந்த ஆறை எத்தனை விதமாக வைக்கலாமோ அத்தனை விதமாகவும் வைத்துப் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட நான்கு கோடி விதம். ஓர் எண் இரண்டாம் தடவை வந்த உடனே அந்த வழியை விட்டுவிட்டுத் திரும்பி அடுத்ததற்குப் போக வேண்டும். ஹாஜியார் முற்றத்தில் செய்ததும் அதையேதான். வித்தியாசம், கம்பியூட்டருக்கு முழங்கால் இல்லை.

முதலில் பதினைந்தைக் கொடுத்துப் பார்த்தாள். நான் பிரியாவிடையன்று அடுக்கிய அதே முக்கோணமும், அதன் கண்ணாடிப் பிம்பமும் வந்தன. வேறு இல்லை. பிறகு இருபத்தொன்றைக் கொடுத்தாள். உம்மா ஊற்றிக் கொடுத்த தேநீர் ஆறுவதற்கு முன்பே நான்கு கோடியும் முடிந்து திரையில் ஓர் இலக்கம் வந்து நின்றது.

"எத்தன விட?" என்று கேட்டார் ஹாஜியார்.

"சைபர் வாப்பா. ஒண்டுமே இல்ல. ஒலகத்துல யாருக்கும் வராது."

"அப்ப ஒன்ட கம்பியூட்டர் பிழ."

"பதினஞ்சு சரியா வந்திச்சே வாப்பா?"

"சேர் போட்டீக்கிறார் மகள். ரெண்டு நாளுல. சேர் பொய் சொல்ற மனிசன் இல்ல."

அவள் அன்று மாலையே எனக்குப் போன் எடுத்தாள். "சேர், ஒங்கட விடைய மட்டும் அனுப்புங்க. அத உள்ளுக்குப் போட்டுப் பார்த்தா என்ட ப்ரோக்ராம் எந்த இடத்துல பிழைக்குதுன்னு புடிச்சிருவேன்."

நான்கு கோடி வழிகளையும் பார்த்து முடித்து, இல்லை என்று தெளிவாகச் சொன்ன ஒரு ப்ரோக்ராமில் அந்தப் பெண் பிழை தேடிக்கொண்டிருந்தாள், என் வாய்ச்சொல்லை நம்பி.

"அலுமாரியில இருக்கும்மா. தேடிப் பாக்குறேன்" என்றேன்.

அவள் மூன்று வாரம் சனி ஞாயிறு பாராமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். சைபர். வேறு மொழியில் எழுதினாள். சைபர். கூட வேலை செய்யும் ஒருவரைக் கொண்டு தனியாக எழுதுவித்தாள். அவருக்கும் சைபர். ஒவ்வொரு சைபருக்கும் ஒரு போன் வரும். "சேர், அலுமாரி…?"

அலுமாரியில் இருந்து வந்த தாள்

எட்டு நாள் உட்கார்ந்து ஒரு பொய் விடையைத் தயாரித்தேன்.

என் கணக்கு இப்படி இருந்தது. ஹாஜியாருக்கு எழுபது தாண்டிவிட்டது, கண்ணும் மங்கல். ஒரு தாளில் இருபத்தொரு எண்கள். கழித்தல்கள் எல்லாம் சரியாக இருந்துவிட்டால், ஏதோ ஓர் எண் இரண்டு தடவை வந்திருப்பது யாருக்குத் தெரியப் போகிறது? தன் முழங்கால் போய்விட்டது, இனிக் காத்திருக்க முடியாது, சேரின் விடையையே எடுத்துக்கொள்கிறேன் என்று ஹாஜியார் இறங்கி வந்துவிட்டால், அதை அவர் கையில் கொடுத்து, அவரைக் கதிரையில் இருத்திவிடலாம். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவர் இறங்கி வந்தார். "கொண்டுவாங்க சேர். தோத்துட்டேன்" என்று போனில் சொன்னார். அந்தச் சொல்லை அவர் வாயில் வரவழைத்தவன் நான். தாளைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து வெயிலில் காயவைத்துப் பழசாக்கிக்கொண்டு திகன பஸ்ஸில் ஏறினேன். ஒரு கணித ஆசிரியர் செய்த வேலை இது.

முற்றத்தில் ஹாஜியார் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தார். ருஷ்தா கதிரைகளை வைத்தாள்.

முதல் வரிசை: ஆறு, பத்தொன்பது, இருபத்தொன்று, மூன்று, இருபது, பன்னிரண்டு. இரண்டாம் வரிசை: பதின்மூன்று, இரண்டு, பதினெட்டு, பதினேழு, எட்டு. மூன்றாம் வரிசை: பதினொன்று, பதினாறு, ஒன்று, ஒன்பது. கழித்தல் எல்லாம் சரி. ஹாஜியாரின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

நான்காம் வரிசை. "அஞ்சு," என்றார். வந்தது. "பதினஞ்சு." வந்தது. "எட்டு."

எட்டு வரவில்லை.

ஓர் எண்ணைத் தாளில் இரண்டு இடத்தில் எழுதலாம். ஒரு கதிரையை இரண்டு இடத்தில் வைக்க முடியாது. இந்தச் சின்ன விஷயம் எட்டு நாளில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. நான் வாழ்நாள் முழுக்கத் தாளில் வேலை செய்தவன்.

அப்போதுதான் தேட ஆரம்பித்தோம். "நேத்துகூட எட்டு இங்கதான் நின்டிச்சி" என்று ஹாஜியார் கொட்டகைக்குள் போனார். நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

கிணற்றடியிலிருந்து திரும்பி

அரை மணித்தியாலம் கழித்து ருஷ்தாதான் கண்டுபிடித்தாள். முக்கோணத்துக்கு நடுவில் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"வாப்பா, எட்டு இங்க ஈக்கி. ரெண்டாம் வரிசையில. நானே வச்சது."

"அப்ப நாலாம் வரிசைக்கு?"

"அங்கயும் எட்டுதான் கேக்குது." தாளை வாங்கிப் பார்த்தாள். "மூணும் ரெண்டு தரம் வந்தீக்கி. நாலும் பதினாலும் எங்கயுமே இல்ல."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று வாரச் சனி ஞாயிறுகளும் அந்தப் பார்வையில் இருந்தன. தாளை மூக்கருகில் கொண்டுபோய் மோந்தாள். தேயிலை வாசம் அடித்திருக்க வேண்டும்.

ஹாஜியார்தான் பேசினார். "சேருக்கும் வயசு போச்சிதானே. பார்த்து எழுதக்குள்ள மாறீக்கும். பரவாயில்ல சேர், இவ்வளவு கிட்ட வந்தீக்கி. எங்கயோ ஒரு எலக்கந்தான் பிசகு. நான் எடுத்துருவேன். இன்னம் ஒரு வருஷம் போதும்."

இன்னும் ஒரு வருடம் நிற்கத் தயாராகிவிட்டார், என் தாளைத் திருத்துவதற்காக. எட்டாம் கதிரையைத் தூக்குவதற்குக் குனிந்தார், முழங்கால் மடங்கிச் சரிந்தார். ருஷ்தா ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"ஹாஜியார், நான் போடல" என்றேன்.

"எத?"

"இருபத்தொன்ன. ஒரு நாளும் போடல. நாலு மாசம் பாத்தேன், வரல. அன்னைக்குச் சொன்னது பொய். இந்தத் தாளும் பொய். போன மாசம் செஞ்சது."

ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப மகள்ட சைபர் சரியா?"

"சரி."

"யாருக்கும் ஏலாதா? படிச்ச ஆக்களுக்கும்?"

"யாருக்கும் முடியாது."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் எதிர்பார்த்தது அதை அல்ல. "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "நான் மொக்கன் இல்ல. மகள், கேட்டியா? வாப்பா மொக்கன் இல்ல!" பத்து வருடத்துக்கு மேலாக அவர் தன்னை மூளையில்லாதவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. முழங்காலைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நான் அதைப் பற்றி நினைத்ததே இல்லை.

பிறகுதான் கோபம் வந்தது. மெதுவாக, ஒவ்வொன்றாக நினைவு வர வர வந்தது.

"சேர், நான் நின்டுட்டுப் பல்லுப் புடுங்கினேன்."

"தெரியும்."

"மகள்ட நிக்காஹுல முந்நூறு பேர நிக்க வச்சேன். நீங்களும் நின்டீங்க. வாயத் தொறக்கல்ல."

"தொறக்கல."

"சீ," என்றார். கெட்ட வார்த்தை பேசிப் பழக்கமில்லாதவர்.

பதினைந்தாம் கதிரை

ருஷ்தா அதற்குள் மடிக்கணினியை எடுத்துவந்து படிக்கட்டில் வைத்து ஏதோ தட்டினாள்.

"வாப்பா, இருபத்திரெண்டாம் கதிர ஈக்கா?"

"கொட்டகையில. எனத்துக்கு?"

"ஒண்டுலேர்ந்து இருபத்தொண்டு வரைக்கும்தான் வராது. இருபத்திரெண்டையும் சேர்த்து, ஒரு கதிரைய மட்டும் வெளிய எடுத்துட்டா வருமான்னு இப்ப கேட்டேன். வருது."

அவள் வாசிக்க, ஹாஜியார் தடியால் சுட்டிக் காட்ட, கதிரைகளைத் தூக்கி வைத்தவன் நான். ஆறு, இருபது, இருபத்திரண்டு, மூன்று, இருபத்தொன்று, பதின்மூன்று. அடுத்தது பதினான்கு, இரண்டு, பத்தொன்பது, பதினெட்டு, எட்டு. பிறகு பன்னிரண்டு, பதினேழு, ஒன்று, பத்து. பிறகு ஐந்து, பதினாறு, ஒன்பது. பிறகு பதினொன்று, ஏழு. ஒவ்வொரு கதிரையை வைக்கும்போதும் ஹாஜியார் உரக்கக் கழித்துப் பார்த்தார். என்னை நம்பவில்லை. நியாயம்.

கடைசியில் வீதியைப் பார்த்தபடி தனியாக நான்காம் கதிரை. ஆறு வரிசை. இருபத்தொரு கதிரை. எதுவும் இரண்டு தடவை வரவில்லை.

பதினைந்தாம் கதிரை மட்டும் வெளியே நின்றது.

ஹாஜியார் முக்கோணத்தைப் பார்த்தார். பதினைந்தைப் பார்த்தார். "சத்தியத்துக்கு இது போதுமோ தெரியா," என்றார். "நாளைக்கு மௌலவிட்ட கேட்டு, பத்துப் பேருக்குச் சோறும் குடுப்போம்." ருஷ்தா கதிரையின் தண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்தாள். அவர் தடியைச் சாய்த்துவைத்துவிட்டு, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு, குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவரைப் போல மெல்ல மெல்ல உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வெளியே வந்து, அதைப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போனார். அவர் அழும் சத்தம் கேட்டது.

நானும் உட்காரப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த கதிரையில் கையை வைத்தேன்.

"தொடாதீங்க," என்றார் ஹாஜியார். "நீங்க நில்லுங்க சேர்."

"எவ்வளவு நேரம் ஹாஜியார்?"

யோசித்தார். பத்து வருடம் என்று சொல்லியிருந்தாலும் நான் ஒப்புக்கொண்டிருப்பேன். "அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும்," என்றார். "பொறகு நான் சொல்றேன், குந்தலாம்."

நின்றேன். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். நின்றபடி குடித்தேன். ஹாஜியார் தன் கோப்பையைக் கதிரையின் கைப்பிடியில் வைத்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கண்ணை மூடினார். இரண்டு நிமிடத்தில் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

பள்ளிவாசலில் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவர் அசையவில்லை.

ருஷ்தா கதவருகில் வந்து நின்றாள். அதுவரை அவள் என்னோடு ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. "வாப்பாவ எழுப்பவா சேர்? ஒங்களுக்கு குந்தச் சொல்லோணுமே."

தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

"கொஞ்சம் தூங்கட்டும்மா," என்றேன். "நான் நிக்கிறேன்."